லண்டன்–சிட்னி: 17,000 கிலோமீட்டர்



லண்டனுக்கும் சிட்னிக்கும் நடுவே வான்வழித் தூரம் சுமார் 17,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர். அதனால் உலகில் எந்த இரண்டு ஊர்களை எடுத்தாலும் அவற்றுக்கிடையே 20,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வழியில்லை. அதையும் தாண்டிப் போனால் மறுபக்கமாக நெருங்கத் தொடங்கிவிடுவோம். அந்த வரம்பில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு இந்த ஒரே பயணத்தில் தீர்ந்துபோகிறது. நூறாண்டுக்கு மேலாக இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே மனிதர்கள் பறந்துகொண்டிருக்கிறார்கள். எந்தக் காலத்தில் எத்தனை நாள் பிடித்தது என்பதற்குப் பதிவும் இருக்கிறது. தூரம், நேரம் என்ற இரண்டையும் பற்றிப் பேச இதைவிட நல்ல ஜோடி எனக்குக் கிடைக்கவில்லை.

17,000-ஐ மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் ஏறக்குறைய 19 மணி நேரம் வரும். கணக்கு முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று நினைப்பீர்கள். ஆனால் இதே வழிக்கு 1935-இல் பன்னிரண்டு நாளுக்கு மேல் ஆயிற்று. 1938-இல் பத்து நாள், 1947-இல் நான்கு நாள், இன்று இடையில் ஓரிடம் நின்று போனால் 23 மணி நேரம். 1942-இல் எவ்வளவு என்றால், அந்த ஆண்டு வழியே அடைபட்டிருந்தது. தூரம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆஸ்திரேலியக் கண்டம் ஆண்டுக்கு ஏழு சென்டிமீட்டர் வீதம் வடக்கே நகர்கிறது என்பது உண்மை. அதை நாம் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

என்ஜின் நல்லதாக ஆக நேரம் குறைந்தது என்று பள்ளிப் பாடம் சொல்கிறது. அது பாதி விடை. மீதிப் பாதி, நடுவில் இருக்கும் வானம் யாருடையது, அவர் நம்மை விடுவாரா என்பதில் இருக்கிறது. இன்று நான் அதிகம் பேசப்போவது அந்த இரண்டாவது பாதியைப் பற்றி.

முதலில் கோட்டைப் பார்த்துவிடலாம். பழைய வகுப்பறைச் சுவர்களில் தொங்கிய உலகப் படம் பெரும்பாலும் மெர்காட்டர் முறையில் வரைந்தது. ஜெரார்டஸ் மெர்காட்டர் 1569-இல் மாலுமிகளுக்காக அமைத்த முறை அது. அந்தப் படத்தில் லண்டனையும் சிட்னியையும் அடிக்கோலால் இணைத்துப் பாருங்கள். கோடு ஐரோப்பாவைச் சாய்வாகக் கடந்து, அரபிக்கடலைத் தாண்டி, கண்ணூருக்கு வடக்கே கரையேறும். கொங்கு நாட்டில் தாராபுரத்தை ஒட்டி வந்து, தொண்டிக்கு வடக்கே கடலில் இறங்கும். அங்கிருந்து வன்னிக் காட்டைக் கடந்து, திருகோணமலைப் பக்கமாக வங்காள விரிகுடாவுக்குள் போகும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. லண்டன்–சிட்னிக்கு நடு வழி தாராபுரம் என்றால் அந்த ஊர்க்காரர்கள் ஒரு வளைவே கட்டிவிடுவார்கள்.

ஆனால் அது மிகக் குறுகிய வழி அல்ல. மெர்காட்டர் படத்தில் நேர்க்கோடு என்றால், திசைகாட்டி முள்ளை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு போகும் வழி, அவ்வளவே. குறுகிய வழி தெரிய வேண்டுமானால் உருண்டையான பூகோளத்தை எடுத்து, இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடிக்க வேண்டும். நூல் லண்டனிலிருந்து வடகிழக்கே கிளம்பும். டென்மார்க், பால்டிக் கடல், மாஸ்கோவுக்கு வடமேற்கே இருக்கும் ட்வேர் நகரம் என்று 57 பாகை வட அட்சம் வரை ஏறிவிட்டுப் பிறகுதான் இறங்கும். கஜகஸ்தான், சீனாவின் சின்ஜியாங், சிச்சுவான், பிலிப்பைன்ஸின் தென்மேற்கு ஓரம், கிழக்கு இந்தோனேசியா, அப்புறம் ஆஸ்திரேலியாவின் வடகரை. இந்தியா அந்த நூலுக்கு வெகு தெற்கே கிடக்கிறது. சிங்கப்பூரும் வழியில் இல்லை.

இங்கே ஒரு விந்தை இருக்கிறது. ட்வேர் வழியாகப் போனால் 17,000 கிலோமீட்டர். தாராபுரம் வழியாகப் போனால் சுமார் 17,650. வித்தியாசம் நூற்றுக்கு நாலு பங்குகூட இல்லை. சிங்கப்பூரில் இறங்கிப் போனால் லண்டன்–சிங்கப்பூர் 10,900-க்குச் சற்றுக் குறைவு, சிங்கப்பூர்–சிட்னி 6,300. கூட்டினால் 17,200-ஐத் தொடாது. துபாய் வழி என்றால் 17,550 அளவில். இரண்டு ஊர்கள் உருண்டையின் எதிரெதிர் பக்கங்களுக்கு அருகில் இருந்தால் எந்தப் பக்கம் வளைந்து போனாலும் நீளம் ஏறக்குறைய ஒன்றுதான். வடதுருவத்திலிருந்து தென்துருவத்துக்குப் போகிறவருக்கு எந்தத் தீர்க்கரேகையில் நடந்தாலும் ஒரே தூரம் இல்லையா? லண்டன்–சிட்னிக்கு அந்த வசதியில் பெரும்பகுதி உண்டு. ஆகவே தூரம் இந்த வழியைத் தீர்மானிக்கவே இல்லை. வேறு ஏதோ ஒன்று தீர்மானித்தது.

1919-க்கு வருவோம். முதல் உலகப் போர் முடிந்த கையோடு ஆஸ்திரேலிய அரசு ஒரு போட்டி வைத்தது. பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாளுக்குள் பறந்து வரும் முதல் ஆஸ்திரேலியர்களுக்கு 10,000 பவுன் பரிசு. ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற சகோதரர்களும், பென்னெட், ஷயர்ஸ் என்ற இரண்டு மெக்கானிக்குகளும் நவம்பர் 12 அன்று லண்டனுக்குப் பக்கத்து ஹவுன்ஸ்லோவிலிருந்து விக்கர்ஸ் விமி விமானத்தில் கிளம்பினார்கள். போரில் குண்டு போடச் செய்த விமானம் அது. விமானி உட்காரும் இடத்துக்கு மூடியே கிடையாது. ஐரோப்பாவின் நவம்பர்க் குளிர் முகத்தில் அறைய உட்கார்ந்தபடியே வந்திருக்கிறார்கள்.

விமான நிலையம் என்று ஒன்று பல ஊர்களில் அப்போது இல்லை. வெள்ளைக்காரர்கள் குடியேறிய ஊரில் எல்லாம் குதிரைப் பந்தய மைதானம் மட்டும் நிச்சயம் இருந்தது. கல்கத்தாவில் அந்த மைதானத்தில்தான் இறங்கினார்கள். கிளம்பும்போது பருந்து ஒன்று சுழலியில் மோதியது. ரங்கூனிலும் பந்தய மைதானம்தான், சிங்கப்பூரிலும் அப்படியே. சிங்கப்பூர் மைதானம் நீளம் போதாது என்று பயந்து, இறங்குகிற நேரத்தில் பென்னெட் விமானத்தின் முதுகில் ஊர்ந்து வால்பக்கம் போய், பாரம் பின்னால் இருக்கும்படி பார்த்துக்கொண்டார். ஜாவாவின் சுரபாயாவில் சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. ஊர் மக்கள் தங்கள் வீடுகளிலிருந்து மூங்கில் பாய்களைக் கொண்டுவந்து ஓடுதளமாக விரித்தார்கள். அந்தப் பாய்களின் மேல் ஓடித்தான் விமானம் எழும்பியது. டிசம்பர் 10 அன்று டார்வினில் இறங்கியபோது கிளம்பி 28 நாள் ஆகவில்லை. அதில் உண்மையாகவே காற்றில் இருந்தது சுமார் 135 மணி நேரம். மீதி நேரமெல்லாம் தரையில் கழிந்தது.

பரிசு டார்வின் வரைக்கும்தான். அங்கிருந்து சிட்னிக்குப் போனார்களே, அது எவ்வளவு நாள் என்று யாரும் கேட்பதில்லை. என்ஜின் கெட்டு, குயின்ஸ்லாந்தில் வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டு, 1920 பிப்ரவரி 14 அன்றுதான் சிட்னி சேர்ந்தார்கள். பாதி உலகத்தைக் கடக்க ஒரு மாதம், சொந்த நாட்டைக் கடக்க இரண்டு மாதம்!

1934-இல் இங்கிலாந்தின் மில்டன்ஹாலிலிருந்து மெல்போர்னுக்கு இன்னொரு போட்டி நடந்தது. ஸ்காட், கேம்பெல் பிளாக் இருவரும் 71 மணி நேரத்தில் முடித்து வென்றார்கள். போட்டியாளர்கள் கட்டாயம் இறங்க வேண்டிய ஐந்து ஊர்களில் ஒன்று நம் அலகாபாத். ஆனால் இந்தப் போட்டியில் எனக்குப் பிடித்தது இரண்டாவதாக வந்த விமானம். டச்சு நிறுவனமான கேஎல்எம்மின் டிசி-2 அது. சம்பளத்துக்கு ஓட்டும் விமானிகளோடும் காசு கொடுத்து ஏறிய பயணிகளோடும் வந்தது. கடைசி இரவில் புயலில் வழிதப்பி ஆல்பரி என்ற சிற்றூரின் மேல் சுற்றியது. ஊர்க்காரர்கள் தெரு விளக்குகளை அணைத்து அணைத்து ஏற்றி, மோர்ஸ் குறியில் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். வானொலி நிலையம் கார் வைத்திருப்பவர்களை எல்லாம் பந்தய மைதானத்துக்கு வரச்சொன்னது. கார்களின் முன்விளக்கு வெளிச்சத்தில் விமானம் இறங்கியது. மறுநாள் காலை கயிறு கட்டி ஊரே சேர்ந்து அதைச் சேற்றிலிருந்து இழுத்துவிட்டது. வென்ற இருவரின் சாகசத்தைவிட இந்த விமானம்தான் வரப்போகும் காலத்தைச் சரியாகக் காட்டியது என்பது என் எண்ணம்.

மறு ஆண்டு பயணிகள் சேவை தொடங்கியது. லண்டனிலிருந்து பிரிஸ்பேனுக்குப் பன்னிரண்டரை நாள். இங்கேதான் அனுமதியின் கதை ஆரம்பமாகிறது. லண்டனில் ஏறியவர் பாரிஸ் வரை விமானத்தில் போவார். அங்கிருந்து இத்தாலியின் தென்கோடியில் இருக்கும் பிரிண்டிசி வரை ரயில்! இத்தாலியோடு வான்வழி உடன்பாடு சரியாக அமையாததால், ஆயிரத்துச் சொச்சம் மைல் தண்டவாளத்தில் உருண்டு போய், மறுபடி விமானம் ஏற வேண்டியிருந்தது. வான்வழிச் சீட்டு வாங்கியவர் ரயில் பெட்டியில் படுத்துத் தூங்கினார்.

பாரசீக வளைகுடாவில் இன்னொரு திருப்பம். முதலில் விமானங்கள் பாரசீகக் கரையோரமாகத்தான் போயின. அந்த அரசு தன் கரையில் இறங்கும் அனுமதியை நீட்டிக்கவில்லை. 1932-இல் பிரிட்டிஷார் வழியை எதிர்க்கரைக்கு மாற்றினார்கள். மீன்பிடி ஊராகவும் முத்துக்குளி ஊராகவும் இருந்த ஷார்ஜாவில் ஒரு இறங்குதளமும், பயணிகள் இரவு தங்க மதில் சூழ்ந்த ஒரு விடுதியும் எழுந்தன. இன்று நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும் அந்தக் கரை விமானப் படத்தில் இடம்பிடித்தது பாரசீகத்தின் மறுப்பால்.

அங்கிருந்து கராச்சி, அலகாபாத், கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர். இந்த வரிசையைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே கொடி பறந்தது. சுருக்கமான வழி சோவியத் நாட்டுக்கும் சீனாவுக்கும் மேலே போயிற்று. அங்கே கேட்டால் கிடைக்காது. இங்கே கேட்கவே வேண்டாம். தூரம் சில நூறு கிலோமீட்டர்தான் கூடியது. கோளத்தின் வடிவமும் பேரரசின் வடிவமும் தற்செயலாக ஒத்துப்போன இடம் இது.

1938-இல் கடல்விமானங்கள் வந்தன. சவுத்தாம்ப்டனில் தண்ணீரிலிருந்து எழும்பி, வழியெங்கும் ஏரியிலும் ஆற்றிலும் இறங்கி, சிட்னியின் ரோஸ் விரிகுடாவில் மிதந்து நிற்கும். இராஜஸ்தானத்து ராஜ்சமந்து ஏரிகூட அந்த வழியில் ஒரு நிலையம். இரவில் பறப்பதில்லை, பயணிகள் மாலையில் விடுதிக்குப் போய்க் குளித்து, உண்டு, உறங்குவார்கள். சுமார் பத்து நாள். செலவு செய்ய வசதியிருந்த மிகச் சிலருக்கு அது நல்ல பயணம்தான்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மணிமாலையில் ஒரு கண்ணி அறுந்தாலும் மாலை இல்லை. பர்மாவும் போயிற்று, ஜாவாவும் போயிற்று. ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் நடுவே இருந்த வான்வழி அடைபட்டது. மிச்சம் இருந்தது இந்துமாக்கடல் ஒன்றுதான். பெர்த் நகரத்திலிருந்து இலங்கை வரை நடுவில் இறங்க நம்பகமான நிலம் இல்லாத சுமார் 5,650 கிலோமீட்டர்.

1943 ஜூலையில் குவான்டாஸ் நிறுவனம் அதைப் பறக்கத் தொடங்கியது. ஐந்து காட்டலினா கடல்விமானங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விண்மீனின் பெயர். பெர்த்தின் ஸ்வான் ஆற்றில் கிளம்பி, காலிக்குக் கிழக்கே இருக்கும் கொக்கலை ஏரியில் இறங்க வேண்டும். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த அதே கொக்கலை. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை அந்த ஊரைத் தளமாக்கிக்கொண்டது.

காட்டலினாவின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில். ஆகவே ஒரு தடவை கடக்க 27 முதல் 33 மணி நேரம். எதிர்க்காற்று பலமாக இருந்தால் கூடும். எரிபொருளே விமானம் முழுக்க நிறைந்திருந்ததால் பயணிகள் மூன்று பேர்தான். அஞ்சல் 70 கிலோவுக்கும் குறைவு. ஜப்பானியர் கேட்டுவிடுவார்கள் என்று வானொலியைப் பேச விடமாட்டார்கள். இரவில் விண்மீன்களைப் பார்த்து வழி கண்டார்கள். ஆபத்தான பகுதியை இருட்டில் கடக்கும்படி கிளம்பும் நேரத்தைக் குறித்தார்கள். பறக்கத் தொடங்கியபின் இரண்டு முறை பொழுது விடிவதைப் பயணிகள் பார்த்தார்கள். இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மேல் காற்றில் இருந்ததற்காக அவர்களுக்கு ‘இரட்டைச் சூரிய உதய இரகசியச் சங்கம்’ என்ற பெயரில் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

1945 ஜூலை வரை 271 தடவை கடந்திருக்கிறார்கள். ஒரு விமானமும் தொலையவில்லை. இடைநில்லாமல் பறந்த நேரத்தைக் கணக்கிட்டால், இன்றைய எந்தப் பயணிகள் சேவையும் இந்த நேரத்தை நெருங்கவில்லை. போர் முடிந்ததும் அந்தக் காட்டலினாக்களைக் கடலில் மூழ்கடித்தார்கள். அமெரிக்கா கடனாகக் கொடுத்த விமானங்கள் என்பதால் ஒப்பந்தம் அப்படி. ஒன்றையாவது அருங்காட்சியகத்தில் வைத்திருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம்.

1947 டிசம்பர் 1 அன்று குவான்டாஸின் கான்ஸ்டலேஷன் விமானம் சிட்னியிலிருந்து கிளம்பியது. 29 பயணிகள், 11 பணியாளர்கள். டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி, லண்டன். நான்கு நாள். கங்காரு வழி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள், தாவித் தாவிப் போவதால். பிறகு 1959-இல் ஜெட் விமானம் வந்து அதை ஒன்றரை நாளாக்கியது. 1970-களில் ஜம்போ வந்து கட்டணத்தைக் குறைத்தது. இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். இது உங்களுக்குத் தெரிந்த கதை.

தெரியாத பகுதி காகிதத்தில் இருக்கிறது. 1944 டிசம்பரில் சிக்காகோவில் 52 நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையின் முதல் விதி இது: ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலிருக்கும் வானத்தின்மீது முழு உரிமை. உன் வானத்தின் வழியே இறங்காமல் கடந்து போகவும் எனக்கு உன் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தைப் பொதுவாகக் கொடுத்துவிடும் துணை ஒப்பந்தம் ஒன்றும் உண்டு. அதில் ரஷ்யா சேரவில்லை.

இதன் விலை என்ன என்று தெரிந்துகொள்ள ஹெல்சிங்கி–டோக்கியோவைப் பாருங்கள். நேர்வழி சைபீரியாவின் மேல், சுமார் 7,800 கிலோமீட்டர். சோவியத் நாடு விடவில்லை. 1983-இல் ஃபின்ஏர் நிறுவனம் டிசி-10 விமானத்தில் வடதுருவத்தைத் தாண்டி, அலாஸ்காவுக்குப் பக்கத்தில் பெரிங் நீரிணை வழியாக இறங்கி, சுமார் 13 மணி நேரத்தில் டோக்கியோ சேர்ந்தது. பின்னர் சைபீரியா திறந்தது. பயணம் ஒன்பதரை மணி நேரமாயிற்று. ஆசியாவுக்கு ஐரோப்பாவின் மிகக் கிட்டிய வாசல் ஹெல்சிங்கி என்று சொல்லியே அந்த நிறுவனம் வளர்ந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர். வானம் மூடியது. மார்ச்சில் மறுபடி வடதுருவம், மறுபடி 13 மணி நேரம். துருவம் கடந்த பயணிகளுக்குச் சான்றிதழ் கொடுக்கும் பழைய வழக்கமும் திரும்பி வந்தது. நாற்பது ஆண்டு விமானப் பொறியியலை ஒரே உத்தரவு ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது.

ஒலியை மிஞ்சும் கான்கார்டுக்கும் இதே கதிதான். 1977 டிசம்பரில் லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்குக் கான்கார்டு சேவை தொடங்கியது. மூன்று தடவை போய்வந்ததும் மலேசியா சத்தத்தைக் காரணம் காட்டி நிறுத்தியது. இந்தியா தன் நிலத்துக்கு மேல் ஒலிவேகத்தை மிஞ்சிப் பறக்க அனுமதிக்கவில்லை. 1979-இல் சுற்றுவழியில் மீண்டும் தொடங்கி, 1980-இல் முடிந்துபோயிற்று. ஒலியை மிஞ்சும் பயணிகள் விமானம் கையில் இருந்தும் பறக்க வானம் இல்லை.

இனி எரிபொருள். நீண்ட பயணத்துக்கு விமானம் எடுத்துச்செல்லும் எரிபொருளைக் கட்டுச்சோறு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டை கனத்தால் அதைச் சுமக்கவே கூடுதலாகப் பசிக்கும். அந்தப் பசிக்கும் சேர்த்துச் சோறு கட்ட வேண்டும். முதல் சில மணி நேரம் விமானம் எரிப்பதில் கணிசமான பங்கு, கடைசி சில மணி நேரத்துக்கான எரிபொருளைத் தூக்கிச் செல்வதற்கே செலவாகிறது. எனவே நடுவில் இறங்கி நிரப்பிக்கொண்டு போவதே எரிபொருளுக்குச் சிக்கனம். இடைநில்லாப் பயணம் மிச்சப்படுத்துவது நேரத்தை மட்டும்தான்.

1989 ஆகஸ்டில் குவான்டாஸ் தன் முதல் 747-400 விமானத்தை லண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் நிற்காமல் கொண்டுவந்தது. 20 மணி 9 நிமிடம். இதற்காக வழக்கத்தைவிட அடர்த்தியான எரிபொருளைத் தனியாக வரவழைத்து, 180 டன்னுக்கு மேல் நிரப்பினார்கள். ஓடுதளம் வரை போவதில்கூட எரிபொருள் வீணாகக்கூடாது என்று இழுவை வண்டி கட்டி இழுத்தார்கள். ஏறக்குறைய 400 பேர் உட்காரும் விமானத்தில் இருந்தவர்கள் 23 பேர். 2019 நவம்பரில் மறுபடி முயன்றார்கள். போயிங் 787-9, 19 மணி 19 நிமிடம். 236 இருக்கை உள்ள விமானத்தில் சுமார் 50 பேர். ஆகவே முடியும் என்பது வேறு, முழு விமானத்தோடு முடியும் என்பது வேறு. 2022-இல் இதற்கென்றே ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். 20,000 லிட்டர் கூடுதல் தொட்டி, 238 இருக்கைகள் மட்டும். திட்டத்தின் பெயர் ‘சன்ரைஸ்’. கொக்கலை ஏரிக்குப் போன காட்டலினாக்களின் நினைவாக வைத்த பெயர்.

எனக்கு இதில் ஒரு தயக்கம் இருக்கிறது. மிச்சமாவது மூன்று அல்லது நாலு மணி நேரம். அதற்காக இருபது மணி நேரம் ஒரே நாற்காலியில். சிங்கப்பூரில் இறங்கிக் காலை நீட்டி ஒரு காப்பி குடித்துவிட்டுப் போவதில் என்ன குறைச்சல்? அவசரக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பணமும் கொடுப்பார்கள். சரி.

காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஓடுகிறது; மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. வாசபுரோ ஓய்ஷி என்ற ஜப்பானிய வானிலையாளர் 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு அதை அளந்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். பாவம், அதனாலேயே யாரும் படிக்கவில்லை. லண்டனிலிருந்து சிட்னிக்குப் போகிறவருக்கு இந்தக் காற்று தள்ளிவிடும். திரும்புகிறவருக்கு எதிரில் நிற்கும்.

அனுமதி, எரிபொருள், காற்று மூன்றும் ஒரே இடத்தில் சந்தித்த சம்பவம் 2024 ஏப்ரலில் நடந்தது. பெர்த்–லண்டன் இடைநில்லாச் சேவை 2018 மார்ச்சில் தொடங்கியது. சுமார் 14,500 கிலோமீட்டர், பதினேழு மணி நேரத்துக்கு மேல். மேற்காசியப் பதற்றத்தால் ஈரான் வான்வெளியைத் தவிர்க்க வேண்டியதாயிற்று. சுற்றிப் போனால் எதிர்க்காற்றில் முழுப் பயணிகளோடு எரிபொருள் போதாது. அதனால் லண்டனுக்குப் போகும் விமானம் சிங்கப்பூரில் இறங்கி நிரப்பிக்கொண்டு போயிற்று. திரும்பி வரும் விமானத்துக்குப் பின்காற்று துணையிருந்தது. அது வழக்கம்போல் நிற்காமலேயே பெர்த் வந்தது. அதே இரண்டு ஊர்கள், அதே விமானம்.

கடைசியாக, சீட்டில் அச்சிட்ட நேரத்தைப் படிக்கும் விதம். ‘பயண நேரம்’ என்பது சக்கரம் நகர்ந்ததிலிருந்து சக்கரம் நிற்பது வரை. ஓடுதளத்தில் வரிசையில் நிற்பதும் அதில் சேர்த்தி. கிளம்பும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி. ஜனவரியில் லண்டனில் திங்கள் இரவு 8 மணிக்கு ஏறி 23 மணி நேரம் பயணம் செய்தால், சிட்னியில் இறங்கும்போது புதன் காலை 6 மணி. செவ்வாய்க்கிழமை எங்கே போயிற்று என்று தேடக்கூடாது. இரண்டு ஊர்களுக்கும் ஜனவரியில் 11 மணி நேர வித்தியாசம், ஜூலையில் 9. இரு ஊரும் கோடையில் கடிகாரத்தைத் திருப்புகின்றன. ஒன்றின் கோடை மற்றதற்குக் குளிர்காலம்.

நம் கடிகாரம் திருப்பப்படுவதில்லை. அதனால் ஒரு வசதி நமக்கும் இலங்கைக்கும் வாய்த்திருக்கிறது. ஜனவரியில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால், சிட்னி ஐந்தரை மணி நேரம் முன்னால். ஜூலையில் இரண்டும் நாலரை. ஒரு பிள்ளை லண்டனிலும் ஒரு பிள்ளை சிட்னியிலுமாக வைத்திருப்பவர்கள் ஜனவரியில் பகல் 2 மணிக்கு இருவரையும் சேர்த்து அழைக்கலாம். லண்டனில் காலை எட்டரை, சிட்னியில் இரவு ஏழரை. மார்ச் கடைசியில் ஒரு வாரமும் அக்டோபரில் மூன்று அல்லது நான்கு வாரமும் இந்தக் கணக்கு ஒரு மணி நேரம் பிசகும், அப்போது மட்டும் பார்த்து அழையுங்கள்.

இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.